தங்கமலர் மாமியின் மஞ்சள் விளக்கு

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை நானாகச் சொல்லத் தேவையில்லை. டென்மார்க்கில் எங்கள் ஊரான பிராண்டேயில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் அப்பா ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார். "இஞ்சினியர்" என்று மட்டும் சொன்னார். என்ன இஞ்சினியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் திணறியிருப்பார். காது கேட்கும் கருவிக்குள் வருகிற இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பதுதான் என் ஆய்வு. பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியும் எந்தக் கம்பனியும் என்னைக் கூப்பிடவில்லை. எங்கள் சனம் கூப்பிட்டது. ஒரு வீட்டில் வைஃபை வேலை செய்யவில்லை, இன்னொரு வீட்டில் சோறு அவிக்கிற மின்சாரப் பானை வேலை செய்யவில்லை, கோயிலில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. ஒலிபெருக்கி ஒன்றுதான் என் படிப்புக்குக் கிட்ட வந்த வேலை. அதை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை.

இந்த நிலையில்தான் மார்ச் மாதம் ஒரு நாள் தங்கமலர் மாமி தொலைபேசி எடுத்தார்.

"எடி நிலக்சி, நீ இஞ்சின் படிச்ச பிள்ளைதானே?"

"இஞ்சினியரிங், மாமி."

"அதைத்தானே நானும் சொல்லுறன். என்ர காரில ஒரு மஞ்சள் லைட் எரியுது. வந்து பார்."

இரண்டும் ஒன்றல்ல என்று விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் என் படிப்பைக் கேட்டு எனக்கு வந்த ஒரே வேலை அழைப்பு அது.

மாமி அப்பாவின் தங்கை. வயது ஐம்பத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து கல்யாணம் பேசி, படத்தில் மட்டும் பார்த்திருந்த மாமாவிடம், பக்கத்து நகரமான ஹேர்னிங்குக்கு வந்தவர். பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெசினில் இருந்தார். தொழிற்சாலை மூடியதும், நாற்பது வயதுக்கு மேல் பள்ளிக்கூடம் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலைக்குப் படித்தார். அவருடைய டேனிஷில் சொல் எல்லாம் டேனிஷாக இருக்கும், இராகம் முழுக்க யாழ்ப்பாணத்து வடமராட்சியாக இருக்கும். என் தமிழ் அதற்கு நேர்மாறு என்று அவர் சொல்வார்.

மாமா இருக்கும்வரை மாமி கார் ஓட்டியதில்லை. மாமாவின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமையே ஓட்டப் பழகப் போனார். முதல் தடவை தேறவில்லை, இரண்டாவது தடவையும் இல்லை. "ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள்?" என்று பரீட்சை எடுத்தவர் கேட்டபோது, "நான் இவ்வளவு காலமும் நடந்து திரிஞ்ச ஆள், எனக்கு இதுவே பிளேன்தான்" என்று டேனிஷில் சொன்னாராம். மூன்றாவது தடவை அதே மனிதர்தான் வந்தார். தேற விட்டார்.

அதற்குப் பிறகு மாமியைப் பிடிக்க முடியவில்லை. காலையில் வெளிச்சம் வருமுன்னமே கிளம்பி, ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் தனித்தனியாகக் கிடக்கிற பண்ணை வீடுகளுக்குப் போவார். அங்கே தனியாக இருக்கிற கிழவர்களுக்குக் கால்வீக்கத்துக்கான இறுக்கமான காலுறையைப் போட்டுவிடுவார், மருந்து எடுத்துக் கொடுப்பார், கஞ்சி காய்ச்சுவார். அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. கார் நின்றால் அவருடைய வேலையும் நின்றுவிடும்.

வேலை நின்றால் அவர் வைலே நகரத்துக்குக் குடிபோக வேண்டும். அங்கே மாமியின் மகன் கஜதீபன், எனக்குத் தீபன் மச்சான், வீடு வாங்கி, மேல்மாடியில் தாய்க்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். நல்ல மகன். அதுதான் மாமிக்குப் பிரச்சினை. கெட்ட மகன் என்றால் மறுப்பது சுலபம். மஞ்சள் விளக்கின் கதை காதில் விழுந்ததும் அவர் நாள் குறித்துவிட்டார்.

"சனிக்கிழமை ட்றெயிலரோட வாறாராம்," என்றார் மாமி. "காரை ஏத்திக்கொண்டு போய் உடைக்கக் குடுக்கப் போறாராம். பிறகு என்னையும் ஏத்துவாராம். ட்றெயிலரிலயோ என்னவோ தெரியாது."

"எனக்கு எத்தனை நாள் இருக்கு?"

"சனி வரைக்கும். நீ இஞ்சின் படிச்ச பிள்ளை, உனக்கு அது காணும்."

காருக்குள் ஏறியதும் சந்தன வாசம் முகத்தில் அடித்தது. கண்ணாடிக்குக் கீழே வாசனை அட்டைகள் தோரணம் போலத் தொங்கின. பக்தி கூடிவிட்டது என்று நினைத்தேன். மாமி சாவியைத் திருப்பினார். வேகமானியின் பக்கத்தில், ஒரு கார் வளைந்து வளைந்து வழுக்கிப் போகிற மாதிரி ஒரு மஞ்சள் படம் எரிந்தது.

"இது என்ன படம் எண்டு தெரியுமோ மாமி?"

"குடிச்சிட்டு ஓடுற ஆள்."

"இல்லை. சில்லு வழுக்காமப் பாக்கிற சிஸ்டம். அதில பிழை எண்டு சொல்லுது."

"பிழை எண்டு எனக்கும் தெரியும். லைட் எரிஞ்சா கார் இழுக்குதில்லை. நான் மிதிக்கிறன், அது யோசிக்குது. நிப்பாட்டித் திருப்பி எடுத்தா கொஞ்ச நேரம் ஓடும். பிறகும் யோசிக்கும்."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி தன் நோயைச் சொல்ல முடியாது. நான் சரியாகக் காது கொடுக்கவில்லை. இணையத்தில் மலிவாக வாங்கிய, காரின் பிழைகளை வாசிக்கிற சின்னக் கருவி ஒன்று என் பையில் இருந்தது. அதைச் சுக்கானுக்குக் கீழே செருகுவதற்குத்தான் என் கை துடித்தது. கருவி ஒரு இலக்கத்தைக் காட்டியது. தேடிப் பார்த்தேன். திரொட்டில் கேட்ட அளவுக்குத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

திரொட்டில் என்பது எஞ்சினுக்குள் காற்றை விடுகிற ஒரு வட்டத் தகடு. காலால் மிதித்தால் அது திறக்கும். முந்திய காலத்தில் மிதிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி இருந்தது. இப்போது நடுவில் கணினி இருக்கிறது. மாமி மிதிப்பது ஒரு விண்ணப்பம் மட்டும்தான். திறப்பதா இல்லையா என்று கணினி முடிவெடுக்கும். இதையெல்லாம் நான் மாமிக்கு அரை மணி நேரம் விளக்கினேன். விளக்கியபோது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப கண்டுபிடிச்சிட்டாய்?"

"ஓம் மாமி. திரொட்டில் பழுதாப் போட்டுது."

அன்று பின்னேரமே பிராண்டே முழுக்க அந்தச் செய்தி பரவியது. பட்டம் வாங்கிய அன்று போலவே அப்பா எனக்குத் தன் கையால் தேநீர் போட்டுத் தந்தார்.

பழைய கார்களை உடைக்கிற இடத்தில் இருந்து ஒரு திரொட்டில் வாங்கி வந்தேன். யூடியூபில் ஒரு மனிதர் பாட்டுக் கேட்டுக்கொண்டே அதை மாற்றினார். எனக்கு ஒரு பகல் முழுவதும் போனது. முடிந்தபோது கையில் ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "சரி மாமி, எடுங்கோ" என்றேன்.

ஹேர்னிங் போகிற பாதையில் கார் அழகாக ஓடியது. மாமி எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றிக்கூடப் பேசத் தொடங்கினார். பேச்சு மாப்பிள்ளையின் சம்பளத்தை எட்டும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் யோசிக்கத் தொடங்கியது. மாமி மிதித்தார், இன்னும் மிதித்தார், நாங்கள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தோம். பின்னால் ஒரு உழவு இயந்திரம் வந்தது. கொஞ்சத் தூரம் பொறுமையாக வந்துவிட்டு, சிக்னல் போட்டு, எங்களை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் கை காட்டினார். நல்ல மனிதர், இரக்கத்தில்தான் காட்டினார்.

மாமி மாப்பிள்ளைக் கதையை அதோடு நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து, எனக்கு ஏன் பட்டம் தந்தார்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு காரைப் பற்றி யோசித்தேன். அப்போதுதான் விளங்கியது: திரொட்டிலுக்கு ஒரு நோயும் இல்லை. அது சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறது. கார் வழுக்குகிறதா என்று பார்க்கிற வேலை பிறேக்கோடு இருக்கிற வேறொரு கணினிக்கு. அதற்குச் சந்தேகம் வந்தால், "காற்றைக் குறை" என்று எஞ்சினுக்குக் கட்டளை போடும். எஞ்சின் கீழ்ப்படியும். என் மலிவுக் கருவிக்கு எஞ்சினின் பேச்சு மட்டும்தான் கேட்கும். கட்டளை போட்டவனின் பேச்சு கேட்காது. கேட்பதைப் பற்றி ஐந்து வருடம் படித்த நான், காது பாதி கேட்காத ஒரு கருவியை நம்பி, ஒரு குற்றமும் செய்யாத திரொட்டிலைக் கழற்றி எறிந்திருக்கிறேன்.

அடுத்த நாள் மாமியை ஒரு கராஜுக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டேனிஷ்காரரிடம் எல்லாக் கணினியோடும் பேசுகிற பெரிய கருவி இருந்தது. கார் பக்கவாட்டில் திரும்புவதை அளக்கிற சென்சரில் இருந்து தகவல் வரவில்லை என்று அது காட்டியது. புதிய சென்சர் போடலாம், ஆனால் அந்தச் செலவுக்கு இந்தக் கார் பெறுமதி இல்லை என்றார் அவர். மாமி தலையாட்டினார். வெளியே வந்ததும், "வைலேயில நல்ல கடையள் இருக்காமே" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு உழவு இயந்திரத்தைவிட மோசமாக இருந்தது.

தகவல் வரவில்லை என்றால் சென்சர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது கத்திக்கொண்டே இருக்கலாம். நடுவில் வயர் அறுந்திருக்கலாம், செருகி துருப்பிடித்திருக்கலாம். இது மட்டும் எனக்கு உண்மையிலேயே தெரிந்த விஷயம். சென்சர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். முன் இருக்கைகளுக்கு நடுவில், தரைவிரிப்புக்குக் கீழே.

"மாமி, காருக்குள்ள எப்பவாவது தண்ணி போனதோ? மழைக்குக் கண்ணாடி திறந்து விட்டனீங்களோ?"

"தண்ணி ஒரு சொட்டும் போகேல்லை, பிள்ளை," என்றார் மாமி. என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளையார் அறியச் சொல்லுறன்."

பிள்ளையார் வரை போன பிறகு நான் மேலே கேட்கவில்லை. தண்ணீர் இல்லையென்றால் துரு இல்லை என்று முடிவு கட்டிவிட்டு, சில்லுகளில் இருக்கிற சென்சர்களைத் துடைத்து இரண்டு நாளை வீணாக்கினேன்.

சனிக்கிழமை வந்தது. வேறு வழி ஒன்றும் மிஞ்சாததால் இருக்கைக்குக் கீழே தலையை விட்டேன். மல்டிமீற்றரை வைத்தேன், பூச்சியம் காட்டியது. இந்தக் காரில் மின்சாரமே இல்லை என்று முடிவெடுக்க இருந்தேன். பிறகுதான் மீற்றரை நான் இயக்கவில்லை என்பது தெரிந்தது. இயக்கியதும், சென்சருக்குப் போக வேண்டிய மின்சாரம் சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. தரைவிரிப்பைக் கிழிக்காத குறையாக இழுத்துத் தூக்கினேன். சந்தனம் முடிந்து வேறொரு மணம் வந்தது. புளித்த மணம். செருகியைக் கழற்றினேன். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. அந்தப் பச்சைக்கு நடுவில் கடுகு ஒட்டியிருந்தது. ஒன்றல்ல, தாராளமாக. செருகியின் விளிம்பில், காய்ந்து சுருண்டு, ஒரு கறிவேப்பிலை.

இப்படி ஒரு பிழையை எந்தக் கருவியும் காட்டாது. இதற்கு இலக்கம் கிடையாது.

அந்த நேரம் வெளியே ட்றெயிலர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தீபன் மச்சான் இறங்கி வந்தார். ட்றெயிலரில் வீடு மாறுகிற ஆட்கள் வாங்குகிற மடித்த அட்டைப் பெட்டிகள் ஒரு கட்டு இருந்தது. மாமி வாசலில் வேலைச் சட்டையோடு நின்றார். அன்று அவருக்குப் பின்னேர வேலை.

"Nå," என்று டேனிஷில் தொடங்கி, "என்ன கண்டுபிடிச்சனி?" என்று குனிந்து கேட்டார் மச்சான்.

நான் கறிவேப்பிலையைக் கைக்குள் பொத்தினேன். இந்தக் காரை அவர்தான் தாய்க்குக் கொடுத்தவர். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: சாப்பாட்டுப் பானை ஒன்றும் காருக்குள் ஏறக் கூடாது. முந்தி ஒரு தடவை அவருடைய புதுக் காரில் மாமியின் மடியில் இருந்த சாம்பார் கவிழ்ந்தது. அதில் இருந்து அந்தச் சட்டம்.

"செருகி துருப்பிடிச்சிருக்கு, மச்சான். துடைச்சாச் சரி. சென்சர் நல்லாத்தான் இருக்கு."

"துரு எப்பிடி வந்தது?"

"அது... காத்தில இருக்கிற ஈரப்பதம் இருக்குத்தானே. உள்ள சூடு, வெளிய குளிர். அப்ப நீராவி ஒடுங்கித் தண்ணியாகி... ஒரு வகையான... டென்மார்க்கின்ர காலநிலை..."

"மோர்," என்றார் மாமி.

இருவரும் திரும்பினோம்.

"தை மாசம் கோயிலுக்குக் கொண்டுபோன தாளிச்ச மோர். பாதிப் பானை கவிண்டது."

"மாமி! நான் கேட்டனான்தானே! ஒரு சொட்டும் போகேல்லை எண்டு பிள்ளையார் அறியச் சொன்னீங்கள்!"

"நீ தண்ணியோ எண்டு கேட்டனி. மோரோ எண்டு கேட்டனியோ?"

கேள்வியைச் சரியாகக் கேட்டால்தான் பதில் சரியாக வரும் என்று முதல் வருடத்திலேயே எங்களுக்குப் படிப்பித்தார்கள். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி.

மச்சான் நிமிர்ந்தார். "எப்பிடிக் கவிண்டது?"

மாமி கொஞ்சம் தயங்கினார். "மான் ஒண்டு குறுக்க பாஞ்சது."

"மானோ!"

"கத்தாதை. றோட்டெல்லாம் பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நான் பிறேக்கை மிதிச்சன். காலுக்குக் கீழ டக டக எண்டு அடிச்சுது. கார் அப்பிடியே நேரா நிண்டுது, ஒரு சாண் கூட விலகேல்லை. மான் என்னைப் பாத்துது, நான் மானைப் பாத்தன், அது போட்டுது. கார் வழுக்கேல்லையடா. பானைதான் வழுக்கினது."

மச்சான் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "அம்மா, அப்பிடி ஏதும் நடந்தா எனக்குச் சொல்லோணும் எண்டு..."

"சொன்னா உடனே ட்றெயிலரோட வந்து நிப்பாய்."

"இப்ப மட்டும் ஏன் சொல்லுறீங்கள்?"

"பாவம், இந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்ல வெளிக்கிட்டுது. அதுக்கு அதுவும் வருகுதில்லை."

'அதுவும்' என்ற சொல்லை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரிச் செருகியைத் துடைத்தேன். பழைய பல்துலக்கியும் கராஜ்காரர்கள் பாவிக்கிற துப்புரவு ஸ்பிரேயும் போதுமாக இருந்தன. கடுகு ஒவ்வொன்றாக வந்தது. செருகி 'டிக்' என்று பொருந்தியது. மாமி ஏறிச் சாவியைத் திருப்பினார். மஞ்சள் படம் எரிந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, அணைந்தது.

"இப்ப அணைஞ்சா அணைஞ்சதோ?" என்றார் மச்சான். "ஓடிப் பாக்கோணும்."

"ஏறு," என்றார் மாமி. "எனக்கும் நேரம் போட்டுது."

மச்சான் முன்னுக்கு ஏறினார், நான் பின்னுக்கு. சோதனை ஓட்டம் என்றால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று நாங்கள் நினைத்தோம். மாமி ஊரை விட்டு வெளியே போனார். சுற்றுவட்டத்தில் கொஞ்சம் வேகமாகவே திரும்பினார், விளக்கு எரியவில்லை. மிதித்தார், கார் யோசிக்காமல் பாய்ந்தது. மச்சான் தன் பக்கத்தில் இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். "மான் எந்த இடத்தில?" என்று கேட்டார். "இஞ்சைதான்," என்று மாமி சுக்கானில் இருந்து கையை எடுத்துக் காட்டினார். "கையை வையுங்கோ, அம்மா!"

ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் கார் நின்றது. சன்னலில் ஒரு கிழவர் இருந்தார். எங்களைக் கண்டதும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மாமி சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"அம்மா, எங்க போறீங்கள்?"

"வேலைக்கு. நீங்கள் இருங்கோ. இவருக்கு மருந்து குடுத்து, காலுறை கழட்டி, சாப்பாடு வச்சிட்டு வாறன். வாகனத்துக்குள்ள சண்டை பிடிக்காதேங்கோ."

கதவு மூடியது. முற்றத்தில் கோழிகள் மேய்ந்தன. சாவி இல்லாததால் ஹீட்டர் போட முடியவில்லை. கொஞ்ச நேரம் மச்சான் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு வீட்டின் சன்னலைப் பார்த்தார். உள்ளே மாமி முழங்காலில் இருந்து ஏதோ சொல்ல, கிழவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார்.

"உனக்கு வேலை ஏதும் சரிவந்ததோ?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை."

"ம்ம்."

கோழி ஒன்று சில்லைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"அம்மா வரமாட்டா, என்ன?" என்றார் மச்சான்.

"எப்ப வருவா எண்டு தெரியேல்லை. சாப்பாடு வைக்கோணுமாம்."

"அதைக் கேக்கேல்லை. வைலேக்கு."

இந்த முறை கேள்வி எனக்குச் சரியாகவே விளங்கியது. "இல்லை, மச்சான்," என்றேன். "வரமாட்டா."

அவர் தலையாட்டினார். கை குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். மாமி வெளியே வந்தார். கையில் கிழவர் கொடுத்த ஒரு பெட்டி முட்டை இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுவந்து மகனின் மடியில் வைத்தார்.

"இறுக்கிப் பிடி," என்றார். "அடுத்த வீடு கொஞ்சம் தூரம்."